அக்காவுக்கு எடுக்காத இன்சூரன்ஸ்

1

போன மாதம் மிசிசாகாவில் ஒரு இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து செந்தில் கூப்பிட்டான். செஞ்சிப் பக்கத்துப் பையன். கனடா வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் மாவட்டத்துக்காரன் என்பதால் எதற்கும் என்னிடம் யோசனை கேட்பான்.

"அண்ணா, அப்பாவும் அம்மாவும் ஜூன்ல வர்றாங்க. டிக்கெட் போட்டாச்சு. இன்சூரன்ஸ் எப்பண்ணா எடுக்கறது? கெளம்பறதுக்கு மொத நாள் எடுத்தா போதும்ல?"

"இன்னைக்கே எடு" என்றேன்.

"இன்னைக்கேவா? இன்னும் மூணு மாசம் கெடக்குதேண்ணா. அவ்ளோ ஜல்தியா எதுக்கு?"

"எடுப்பா. இன்னொண்ணு. அதுக்குள்ள அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா மொதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லு. இன்சூரன்ஸ் என்ன ஆனாலும் பரவாயில்லை."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒன்று கேட்டதற்கு இரண்டு பதில் சொல்லியிருந்தேன். என் குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

"உங்க வீட்டுல யாருக்காவது அப்படி ஆச்சாண்ணா?"

"இல்லப்பா. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னேனாம். வீட்டுக்கு வந்து காரை நிறுத்தும்வரை அந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டே வந்தது.

இந்தப் பத்திரிகையில் பல வருடங்களாக என் சொந்தப் பெயரில் எழுதிவருகிறேன். பனியில் கார் சிக்கிய கதை, வங்கியில் என் பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக்கிவிட்ட கதை, மகன் 'பழம்' என்று சொல்லத் தெரியாமல் விழித்த கதை. எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் அசடாகவும் நிறைய நல்லவனாகவும் இருப்பேன். இந்தக் குறிப்பில் அப்படி இருக்க முடியாது.

2

என் அக்கா வசந்தா என்னைவிட எட்டு வயது மூத்தவள். விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தாள். ட்ரங்க் கால் காலத்திலிருந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். கரகரப்பே இல்லாத குரல். ஒரு சொல்லைச் சொன்னால் அதைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது. கள்ளக்குறிச்சியில் மண்டி வைத்திருந்த ஒருவர், நேரில் பார்த்தே இராத அவளுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார், குரலை மட்டும் நம்பி.

நான் 1993-ல் கிளம்பினேன். கனடா வந்து இறங்கி ஒரு வாரம் கழித்து எக்ஸ்சேஞ்சுக்குத்தான் முதல் போன் போட்டேன். எடுத்தது வேறொரு பெண். "வசந்தா மேடம், உங்க தம்பி லைன்ல!" என்று அவள் கத்தியது எனக்கும் கேட்டது. அக்கா வந்து, "சாப்டியாடா?" என்றாள். எத்தனையோ பேருடைய வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவளுக்கு, தனக்கென்று வந்த முதல் வெளிநாட்டு அழைப்பு அது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரே மகள் கவிதா. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாள். கவிதா அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அக்கா விழுப்புரம் வீட்டிலேயே தனியாக இருந்துகொண்டாள்.

அவள் ஓய்வுபெற்ற மறு வருடம், "நீ இருக்கிற எடத்த ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்டா" என்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'சகோதரி' என்று போட்டேன். அவள் ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று படிவம் கேட்டது. வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம், மகளின் கல்யாண போட்டோ எல்லாவற்றையும் பிரதி எடுத்து அனுப்பினாள். போட்டோ எதற்கு என்று கேட்டேன். "பொண்ணு இங்க இருக்கறா, உட்டுட்டு அங்கியே தங்கிடுவனா? அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றாள். மார்ச்சில் விசா வந்தது. ஜூன் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டேன்.

என் மகன் போனை வாங்கி, "அத்தை, நீ எப்போ வரும்?" என்று கேட்டான். அக்கா சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. "ஜூன் மாசம் வரும்டா கண்ணு, அத்தை வரும்" என்றாள்.

3

டிக்கெட் போட்ட வாரமே இன்சூரன்ஸ் முகவரைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு மளிகைக் கடைக்கு மேலே சிறிய அறையில் அலுவலகம் வைத்திருந்தார். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே அரசு மருத்துவம் கிடையாது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தால்கூடத் தாங்காது. அதனால் எல்லோரும் எடுப்பார்கள்.

"டிக்கெட் போட்ட கையோட எடுங்கோ" என்றார் அவர். "பயணம் நின்டுபோனாலும் அதுக்கும் காப்பு இருக்கு. திகதி மாத்தலாம். பிறகேன் யோசிக்கிறியள்?"

"இன்னும் ரெண்டரை மாசம் இருக்கே."

"அதுக்குத்தான் சொல்லுறன். இடையில வருத்தம் ஏதும் வந்து டொக்டரிட்டப் போனா, அது பழைய வருத்தம் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு அந்த வருத்தத்துக்கு ஒரு சதமும் தரமாட்டினம்."

வருத்தம் என்று அவர் சொன்னது நோயை. நன்றி சொல்லிவிட்டு, அவர் கொடுத்த கையேட்டை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதை வரவேற்பறை மேசையில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

ஏன் எடுக்கவில்லை என்று இத்தனை வருடத்தில் பலமுறை யோசித்துவிட்டேன். ஒரு நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். பணம் இல்லாமல் இல்லை. அந்த வாரம் மகனுக்கு ஹாக்கிப் போட்டி. அடுத்த வாரம் தொழிற்சாலையில் தணிக்கை. நான் வாகன உதிரிபாகங்களின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன், ராத்திரிவரை வேலை. அதற்கடுத்த வாரம், 'இன்னும் நாள் இருக்கிறதே' என்ற எண்ணம். வேறு கம்பெனியில் இதைவிட மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். பார்க்கவும் இல்லை.

4

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். அங்கே சாயங்காலம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து எடுத்துவரலாமா, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னைக்குக் காலைல காபி ஆத்திக்கினு இருந்தேன்டா. வலது கை அப்படியே மரத்துப்போச்சு. டம்ளர் கீழ வுழுந்துடுச்சு. பக்கத்து வூட்டம்மா என்னன்னு கேட்டாங்க, வாய் கொளறுது, பதில் சொல்ல வரல. ஒரு பத்து நிமிசம் இருக்கும். அப்பறம் ஒண்ணும் இல்ல, சரியாயிடுச்சு."

"தூக்கம் சரியா இல்லையா?"

"அதெல்லாம் இல்ல. நாளைக்கு ஒரு எட்டு டாக்டர்கிட்ட போய்க் காட்டிக்கினு வந்துடட்டுமா?"

எனக்கு முகவர் சொன்னது நினைவுக்கு வந்தது. எடுத்துவிடு என்று அவர் சொன்ன பகுதி இல்லை. டாக்டரிடம் போனால் எழுதிவிடுவார்கள் என்ற பகுதி.

"இப்ப போகாதக்கா" என்றேன்.

"ஏன்டா?"

"டாக்டர் சீட்டுல எழுதிட்டார்னா இங்க இன்சூரன்ஸ்காரன் அதப் பழைய நோய்னு ஒதுக்கிடுவான். நீ இங்க வந்தப்ப ஏதாவது ஆச்சுன்னா ஒண்ணும் கிடைக்காது. இந்த வாரம் பாலிசி எடுத்துடறேன். எடுத்தப்பறம் போய்க் காட்டிக்கோ."

பிறகு, "அப்ப கவிதாகிட்ட கூடச் சொல்ல வேணாமா? சொன்னா கையப் புடிச்சு இழுத்துக்கினு போயிடுவா டாக்டர்கிட்ட" என்றாள்.

"சொல்லாத. ஒரு வாரம்தானே."

"சரிடா. உனக்குத் தெரியும்."

உனக்குத் தெரியும் என்றாள். அவள் என்னைப் படித்தவன் என்று நினைத்திருந்தாள். வெளிநாட்டுச் சட்டம் தெரிந்தவன் என்று நினைத்திருந்தாள். போனை வைத்தபோது, ஒரு சிக்கலைச் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்ட திருப்திகூட எனக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த வாரம் நான் பாலிசி எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, "எடுத்துட்டியாடா?" என்று கேட்டாள். "நாளைக்கு எடுத்துடறேன்" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். "வேலை ஜாஸ்தியா இருந்துச்சுக்கா, இந்த வாரம் கண்டிப்பா" என்றேன். "பேஜாரு புடிச்ச வேலைடா உனக்கு. மெதுவா எடு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். கை மறுபடி மரத்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மரத்திருந்தால் சொல்லியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. நான்தான் சொல்லாதே என்று பழக்கியிருந்தேனே.

5

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். கவிதாவின் போன்.

"மாமா, அம்மா வுழுந்துட்டாங்க. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல. ஒரு பக்கம் கை காலு வரல. பேச்சு வரல மாமா. இப்ப ஆம்புலன்ஸ்ல பாண்டிச்சேரிக்குப் போய்க்கினு இருக்கறோம்."

பயணத்துக்குச் சாமான் வாங்க இருவரும் அன்று பாண்டிச்சேரி போயிருந்தார்கள். என் பிள்ளைகளுக்குத் துணி, அக்காவுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு பெட்டி. கத்திரி வெயில். பஸ்ஸில் திரும்பி விழுப்புரத்தில் இறங்கியதும் அக்கா பெட்டியோடு சரிந்துவிட்டாள். வந்த வழியே மறுபடியும் ஆம்புலன்ஸில்.

அந்தச் செய்தியைக் கேட்டதும் என் மனதில் முதலில் என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. 'நல்லவேளை, இங்கே வந்த பிறகு இது நடக்கவில்லை.' அதுதான் தோன்றியது. இங்கே வந்திருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகியிருக்கும் என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா நினைவுக்கு வந்தாள். அதற்கும் பிறகுதான் காபி டம்ளர்.

உடனே கணினியில் உட்கார்ந்து எனக்கு டிக்கெட் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கட்டம் வந்தது. ஆம் என்று அழுத்தினேன். எனக்காக. இரண்டு நொடிகூட ஆகவில்லை. டிக்கெட்டைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. தொழிற்சாலை அலுவலகத்தின் பிரிண்டருக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

6

ஆஸ்பத்திரியில் அக்காவின் முகம் வலது பக்கம் தொங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் முழங்கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் அக்காவின் குரல் இல்லை.

வராந்தாவில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "கத்திரி வெயில்ல வயசானவள இழுத்துக்கினு கடை கடையா ஏறி எறங்கினா என்னாவும்?" என்று ஒருவர் சொன்னார். கவிதாவின் மாமியார், "நான் அன்னைக்கே சொன்னேன், வெயில் தாழட்டும்னு. யாரு கேட்டா?" என்றார். கவிதா தலையைக் குனிந்தபடி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒரு டாக்டர் வந்தார். இளம் பெண். பொறுமையாகப் பேசினார்.

"இதுக்கு முன்னாடி அம்மாவுக்குக் கை மரத்துப் போறது, பேச்சு குளறுறது, இந்த மாதிரி ஏதாவது வந்து தானா சரியாயிருக்கா? கொஞ்ச நேரத்துக்கு மட்டும்?"

"இல்ல டாக்டர்" என்றாள் கவிதா. "நல்லாத்தான் இருந்தாங்க. நான்தான் அன்னைக்கு வெயில்ல..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

"சிலருக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை மாதிரி வரும். அப்ப வந்து காட்டியிருந்தா மருந்து குடுத்துப் பல நேரம் தடுத்துடலாம். அதுக்குத்தான் கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." கவிதாவைப் பார்த்துவிட்டு, டாக்டர் என்னையும் பார்த்தார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கவிதா. இந்தப் பக்கம் நான். நடுவில் அக்கா. அவளுக்குப் பேச்சுதான் போயிருந்தது. கேட்பது புரிந்தது. அவள் கண்கள் என்மேல் இருந்தன. கோபமோ கெஞ்சலோ அதில் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எதுவும் சொல்லவில்லை.

அக்கா தன் இடது கையை மெல்ல உயர்த்தினாள். விரல்களை விரித்து, இல்லை என்பதுபோல் இரண்டு முறை அசைத்தாள். டாக்டர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

நோயாளியே இல்லை என்று சொல்லிவிட்டாளே, இனி நான் ஏன் சொல்ல வேண்டும்? அந்த நிமிடம் எனக்குள் ஓடியது அந்த நியாயம்தான். பேச முடியாமல் படுத்திருந்தவள் எனக்காகப் பொய் சொன்னாள். பேச முடிந்த நான் அந்தப் பொய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

7

மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வரவேற்பறை மேசையில் அந்தக் கையேடு அப்படியே கிடந்தது. எதற்கென்று தெரியாமல் எடுத்துப் படித்தேன். சிறிய எழுத்தில், பழைய நோய் என்றால் என்ன என்று ஒரு பத்தி. டாக்டரைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும், அறிகுறி தோன்றியிருந்தாலே அது பழைய நோய்தான் என்று எழுதியிருந்தது.

இரண்டு தடவை படித்தேன். பிறகு மகளைக் கூப்பிட்டு, நான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்டேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இங்கே பிறந்தவள். இந்த நாட்டு மொழி என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். படித்துவிட்டு, "ஆமாம்பா. டாக்டர்கிட்ட போனாலும் போகலைன்னாலும் ஒண்ணுதான்" என்றாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றேன்.

அக்காவைத் தடுத்ததால் இன்சூரன்ஸ் விஷயத்தில்கூட ஒரு லாபமும் இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமலேயே, ஒரு சட்டம் தெரிந்தவன் மாதிரி அவளிடம் பேசியிருக்கிறேன்.

8

கவிதா அம்மாவைத் திண்டிவனத்துக்குத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டாள். பள்ளி வேலையை விட்டாள். ஆறு வருடம் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பிடித்து நடக்க வைத்தாள். அக்காவுக்கு நான்கைந்து சொற்கள் திரும்பி வந்தன. எல்லாப் பொருளுக்கும் 'அது'. எல்லா மனிதருக்கும் 'வா'. ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதா போனை அவள் காதில் வைப்பாள். "வா... வா" என்பாள் அக்கா. எத்தனையோ பேரைப் பேச வைத்தவளிடம் மிஞ்சியது அவ்வளவுதான்.

என் மகனுக்குப் பதினைந்து வயது ஆனபோது, "அவங்க ஏன்பா ஒரே வார்த்தையைச் சொல்றாங்க?" என்று கேட்டான். நோயைப் பற்றி விளக்கினேன். கொஞ்ச நாளில் அவன் போனை வாங்குவதையே நிறுத்திவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அவள் தொலைவிலிருந்து வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான். நேரில் வந்திருந்தால் அத்தையாக ஆகியிருப்பாள்.

வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் கவிதாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவேன். அவள் ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்ததும், இப்போது சொல்லி இவளை ஏன் இன்னும் வருத்த வேண்டும் என்று ஒரு கருணை எனக்குள் வந்துவிடும். யாருக்கான கருணை அது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

போன வருடம் அக்கா இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள், வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, கவிதா வீட்டு அடுக்களையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு நான் அம்மாவ பாண்டிக்கு இட்டுக்கினு போவலன்னா, அவங்க நல்லா இருந்திருப்பாங்கதான?"

"என்னம்மா இப்படிக் கேக்கற?"

"வெயில் தாழப் போலாம்னுதான் அம்மாவும் சொன்னாங்க. எனக்கு மறுநாளு ஸ்கூல்ல அட்மிஷன் வேல. நான்தான் கெளம்பு கெளம்புன்னு அவசரப்படுத்தினேன். அம்மாவ ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுக்கினு வந்தப்பறம் பாண்டி பக்கமே நான் போவல மாமா. பஸ்ஸுல பாண்டின்னு பேரப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கறேன்."

ஆறு வருடம். அந்த ஆறு வருடமும், தான் செய்த தவறுக்குச் செய்யும் பரிகாரம் என்று நினைத்துத்தான் அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் 'நான்தான் அன்னைக்கு வெயில்ல' என்று அவள் தொடங்கியது என் காதிலும் விழுந்ததுதான். அது என்னைக் காப்பாற்றிய வாக்கியம் என்பதால், அது அவளை என்ன செய்துகொண்டிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் விதிம்மா" என்றேன்.

அவள் அடுப்பைத் துடைத்தாள்.

9

செந்திலிடம் 'பொதுவாச் சொன்னேன்' என்று சொல்லிவிட்டு வந்த அன்றுதான் கவிதாவுக்குப் போன் செய்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். காபி டம்ளர். பத்து நிமிடம். டாக்டரிடம் போகட்டுமா என்று அக்கா கேட்டது. போகாதே என்றது. உன்னிடம் சொல்லாதே என்றது. ஒரு வாரம் என்றது, மூன்று வாரம் ஆனது. டாக்டர் கேட்டபோது அக்கா கையை அசைத்தது. நான் பேசாமல் நின்றது.

அவள் குறுக்கே பேசவில்லை. லைன் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கறேன், சொல்லுங்க" என்றாள். முடித்தேன். பிறகு அழுகை கேட்டது. அம்மா இறந்த அன்று அவள் இப்படி அழவில்லை.

"மன்னிச்சுடு கவிதா" என்றேன்.

"அத உடுங்க மாமா" என்றாள். "அம்மா என்கிட்ட கூட சொல்லலியே. ஆறு வருசம் என் கையாலதான சாப்ட்டாங்க. உங்கள காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டாங்க. நான் அழுதுக்கினு இருந்தப்பல்லாம் என் தலைய தடவி 'அது... அது'ன்னுவாங்க. எனக்கு என்னன்னே புரியல. என்னத்தயோ சொல்ல வந்தாங்க மாமா, சொல்ல வரல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப என்கிட்ட மட்டும் போன்ல சொல்லிட்டா ஆச்சா?" அவள் குரல் மாறியிருந்தது. "ஊருல அத்தினி பேரும் என்னத்தான் சொன்னாங்க. எங்க மாமியார் இன்னைக்கும் யாரு வந்தாலும் சொல்லுவாங்க, இவ வெயில்ல இட்டுக்கினு போயி அம்மாவ படுக்கப் போட்டான்னு. நான் போயி, இல்ல, எங்க மாமாதான்னு சொன்னா யாரு நம்புவாங்க? பழியத் தள்ளிவுடறேம்பாங்க. நீங்கதான் புக்குல எழுதறீங்களே, கனடால பனி பேயுது, பையனுக்குத் தமிழ் வரலன்னு. எங்க மாமியாரு அதெல்லாம் ஒண்ணு உடாம படிக்கறாங்க, எங்க சம்பந்தி எழுதறாருன்னு தெருவுல பெருமையாச் சொல்லிக்கினு. அதுல எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க."

"எழுதறேன்" என்றேன்.

"எழுதிட்டு அப்பறம் போன் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

எழுதி முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. முதல் முறை எழுதியபோது முகவர் சரியாக விளக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது முறை, அப்போது எனக்கு வேலை நெருக்கடி என்று ஒரு பத்தியே வந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

சம்பந்தியம்மா, திண்டிவனத்தில் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மருமகள் வெயிலில் அழைத்துப் போனதால் என் அக்கா விழவில்லை. அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே அவளுக்குக் கை மரத்துப்போனது, பேச்சுக் குழறியது. டாக்டரிடம் போகட்டுமா என்று என்னைக் கேட்டாள். போகாதே என்று சொன்னவன் நான். கவிதாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.